கொசு ஒட்டிய காலண்டர்

தப்பு செய்வதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. நீங்கள் உடனே ஏதாவது ஒரு ஆபீஸை நினைத்துக்கொண்டு சிரிப்பீர்கள். அங்கெல்லாம் தப்பு செய்தாலும் சம்பளம் தருகிறார்கள், அவ்வளவுதான். எங்கள் கொசு சாருக்கு உத்தியோகமே அது. காலை பத்து மணிக்கு வருவார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் சிரத்தையாகத் தப்பு செய்வார். எதுவாவது சரியாக வந்துவிட்டால் முகம் வாடிப்போய், மறுபடி உட்கார்ந்து அதைத் தப்பாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

மெட்ராஸுக்குச் சென்னை என்று பெயர் மாற்றிய சமயம். தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மாடியில், 'நாகு ஓவியக் கூடம்' இருந்தது. கூடம் என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதற்குள் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர், ஒரு மேஜை விசிறி. ஒரு கம்ப்யூட்டரில் நான் தமிழ் அடிப்பேன். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை என் கைதான். இன்னொரு கம்ப்யூட்டரில் படம் வரையும் வேலை. முதலாளி நாகு சார் மயிலாப்பூர்க்காரர், நெற்றியில் விபூதியும் வாயில் வெற்றிலையுமாக இருப்பார். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் படியிறங்கிய பிறகு "எப்படிய்யா பண்றது?" என்று எங்களைக் கேட்பார்.

கம்ப்யூட்டர் படம் என்றாலே அப்போது வாடிக்கையாளர்கள் மூக்கைச் சுளித்தார்கள். "என்ன சார், பிளாஸ்டிக் குடம் மாதிரி வழவழன்னு இருக்கு? கையால வரைஞ்சு குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். "ஆசைப்பட்டு மெஷினை வாங்கி வெச்சுண்டு முழிக்கிறேன். கையால வரையறவாளுக்கு நான் எங்கே போவேன்?" என்று நாகு சார் புலம்பிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கையில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவோடு ஒரு ஒல்லியான மனிதர் மாடியேறி வந்தார். திரையில் இருந்த படத்தை ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"படம் நல்லாதான் இருக்கு சார். தப்புதான் ஒண்ணுகூட இல்ல."

"தப்பு இல்லேன்னா நல்லதுதானேய்யா?"

"மனுசன் கையால வரைஞ்சா தப்பு இல்லாம வருமா? நீங்க படத்தை எப்படி வேணா வரைங்க. நான் தப்பு போட்டுத் தரேன்."

டப்பாவைத் திறந்தார். உள்ளே முப்பது நாற்பது ஃப்ளாப்பி. ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதியிருந்தது: 'பிரஷ் முடி', 'வழிஞ்ச சிவப்பு', 'கட்டைவிரல் (அழுக்கு)', 'பேப்பர் சுருக்கம்'. எல்லாம் நிஜமான பேப்பரில் நிஜமாகச் செய்த தப்புகள், ஸ்கேன் எடுத்துச் சேகரித்தவை. அவற்றில் நாலைந்தைத் திரையில் இருந்த படத்தின் மேல் அங்கங்கே ஒட்டினார். மறுநாள் வாடிக்கையாளர் அந்த அச்சை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒட்டிக்கொண்டிருந்த பிரஷ் முடியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஆங், இதான் கை!" என்றார். கொசு சாருக்கு அன்றே வேலை. அப்போது அவருக்குக் கொசு சார் என்ற பெயர் வரவில்லை.

படத்தை அரை நாளில் மவுஸால் வரைந்துவிடுவார், அதுவும் அபாரமாக. அதைக் கெடுக்க மூன்று நாள் எடுத்துக்கொள்வார். சேகரிப்பில் இல்லாத தப்பு தேவைப்பட்டால் அதைத் தேடிக்கொண்டு ஊர் சுற்றுவார். காபி டபராவின் அடித்தடம் வேண்டும் என்று ஒருமுறை பனகல் பார்க் பக்கம் ஒரு ஓட்டலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். வெள்ளைப் பேப்பரை மேஜையில் விரித்து, டபராவை அதன் மேல் வைத்து எடுத்தார்.

"ச்சே. முழு வட்டமா வந்துடுச்சு."

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"யாருங்க இவ்ளோ அழகா டபராவை வெப்பாங்க? வேலை பண்றவன் அவசரத்துல வெக்கணும், ஒரு ஓரம் விட்டுப்போகணும். இன்னொரு காபி!"

ஏழாவது காபியில் ஓரம் விட்டுப்போன வட்டம் கிடைத்தது. அவருக்கு அப்புறம் இரண்டு நாள் தூக்கம் கிடைக்கவில்லை.

தும்மல் கதை இன்னும் மோசம். வரைந்துகொண்டிருக்கும்போது ஓவியன் தும்மினால் படத்தில் எப்படிச் சொட்டுத் தெறிக்கும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். உள்ளங்கையில் நீலச் சாயத்தை ஊற்றிக்கொண்டு, மிளகுப்பொடியை மூக்கில் உறிஞ்சி, பேப்பரை நோக்கித் தும்மினார். பேப்பரில் நாலு சொட்டு விழுந்தது. மீதியெல்லாம் எதிரே நின்ற நாகு சாரின் வெள்ளைச் சட்டையில்.

"ஓய்! ஆத்துல என்னன்னு சொல்லுவேன்?"

"அசையாதீங்க சார்! சட்டையில விழுந்ததுதான் பிரமாதமா வந்திருக்கு. கழட்டினா கலைஞ்சிடும். அப்படியே வந்து படுங்க."

நாகு சார் சட்டையோடு ஸ்கேனர் மேல் குப்புறப் படுத்திருந்த நேரத்தில் ஒரு கல்யாண வீட்டார் பத்திரிகை அடிக்க உள்ளே நுழைந்தார்கள். வயிற்றுக்கு அடியில் விளக்கு நகர்வதையும், கொசு சார் அவர் முதுகை அமுக்கிப் பிடித்திருப்பதையும் பார்த்தார்கள். "நாங்க அப்புறம் வரோம்" என்று இறங்கிப் போனவர்கள் வரவேயில்லை.

ஆனால் அவருடைய லட்சியம் எல்லாம் கொசு ஒன்றின் மேல்தான் இருந்தது. "மயிலாப்பூர்ல குளத்தங்கரையில உக்காந்து ஒருத்தன் வாட்டர்கலர் பண்றான். அதுல ஒரு கொசுகூட ஒட்டலைன்னா எவன் நம்புவான்?" என்பார். வாதம் நியாயமானதுதான். ஒரு மாதம் முயற்சி செய்தார். அடித்த கொசுவை ஒட்டினால் அடித்த கொசுவாகவே தெரிந்தது. தானாக வந்து உட்கார்ந்து மாட்டிக்கொண்ட முகபாவம் வேண்டும் என்றார். கடைசியில் ஒரு மழைக்கால சாயங்காலம், பாத்திரக்கடைக்குப் பின்னால் இருந்த சாக்கடையிலிருந்து கிளம்பி வந்த ஒரு கொசு, அவர் மேஜையில் இருந்த ஈரமான மஞ்சள் பேப்பரில் தன்னிஷ்டப்படி உட்கார்ந்து ஒட்டிக்கொண்டது. கொசு சார் மூச்சுவிடவில்லை. பேப்பரின் நாலு மூலையிலும் நாலு தீக்குச்சியை முட்டுக்கொடுத்து, கண்ணாடியில் படாமல் கவிழ்த்து, மூடியைக் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் எடுத்தார். எதற்கு இவ்வளவு ஜாக்கிரதை என்று கேட்டேன். "நசுங்கிட்டா நல்லா வராதுங்க" என்றார். எனக்கு மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் கிளம்பிவிட்டேன்.

அந்தக் கொசு முதன்முதலாக ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகையில் இடம்பெற்றது. மறுநாள் சிந்தாதிரிப்பேட்டை பிரஸ்ஸிலிருந்து மெஷின்மேன் கபாலி போன் செய்தான்.

"இன்னா சார் நீ, பிளேட்ல கொசு கீது! மூணு வாட்டி ஸ்பாஞ்ச் போட்டுத் தொடச்சிக்கினே கீறேன், போவ மாட்டேன்னுது. மெஷின நிப்பாட்டிட்டேன்."

கொசு சார் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "கபாலி, கையை எடு! அது என் கொசு!"

"உன் கொசுவா? இன்னா நைனா சொல்ற? பேரு கீரு வெச்சிக்கிறியா?"

அன்றைக்குக் கபாலி வைத்த 'கொசு சார்' என்ற பெயர்தான் அவருக்கு நிலைத்தது. சிந்தாதிரிப்பேட்டையில் தொடங்கி ஒரு வாரத்தில் தி.நகர் வரை பரவிவிட்டது.

அவர் வேலை பார்ப்பதைப் பார்க்க நீங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும். திரையில் வண்ணம் பூசிய உடனே மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைப்பார். நாகு சார் அவசரமாக அச்செடுக்க வந்தால் கையை நீட்டித் தடுத்து, "காயட்டும் சார்" என்பார். "ஓய், அது ஸ்க்ரீன்!" என்று நாகு சார் தலையில் அடித்துக்கொள்வார். "நாமளே ஈரம்னு நம்பலைன்னா பார்க்கிறவன் எப்படி சார் நம்புவான்?" என்பார் இவர். பத்து நிமிஷம் மூன்று பேரும் விசிறிக்கு எதிரே உட்கார்ந்து திரை காய்வதற்காகக் காத்திருப்போம். கொஞ்ச நாளில் எனக்கே அது நியாயமாகப் பட ஆரம்பித்துவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு ரகசியம் இருந்தது. கையால் ஒரு கோடுகூட வராது. மவுஸைக் கொடுத்தால் கபாலீசுவரர் கோயில் கோபுரத்தைப் பொம்மை பொம்மையாக எழுப்புவார். பென்சிலைக் கொடுத்தால் ஒரு மாங்காய்கூடத் தேறாது. மந்தைவெளியில் தன் அறைக்கு வழி என்று ஒரு தடவை வரைபடம் போட்டுக் கொடுத்தார். அதை நம்பிச் சைக்கிள் மிதித்து நான் போய்ச் சேர்ந்தது அடையாறு ஆற்றங்கரையில். காரணம் அவரே சொன்னார்: பேப்பரில் கோடு போட்டால் அது போட்டதுதான். கம்ப்யூட்டரில் இரண்டு விரலை அழுத்தினால் போட்ட கோடு இல்லாமல் போகும். அந்தத் தைரியம் இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. சாம்பாரைக் கொட்டினாலும், பஸ்ஸில் யார் காலையாவது மிதித்தாலும், அவர் இடது கை விரல் இரண்டும் தானாகக் காற்றில் அந்த இரண்டு பொத்தான்களை அழுத்தும். சாம்பார் திரும்பப் போகாது. அவர் ஏமாற்றத்தோடு விரலைப் பார்ப்பார்.

அந்த வருஷம் ஒரு பட்டுப்புடவைக் கடைக்காரர் காலண்டர் கேட்டார். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு மெட்ராஸ் காட்சிகள், எல்லாம் கையால் வரைந்ததாக இருக்க வேண்டும் என்றார். "ஆகட்டும், பண்ணிடலாம்" என்றார் நாகு சார். ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலும் 'முழுக்க முழுக்கக் கைவண்ணம்' என்று போடச் சொன்னதும் அவர்தான். அடித்தவன் நான். கொசு சார் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். ஜனவரியில் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் மேற்கே பார்த்து ஒரு கொசு. பிப்ரவரியில் கலங்கரை விளக்கத்தின் பக்கத்தில் தெற்கே பார்த்து ஒரு கொசு. மார்ச்சில் கோபுரத்துக்குக் கீழே தலைகீழாக ஒரு கொசு.

"எல்லாத்துலயும் அதே கொசுதானே சார்? யாராவது கண்டுபிடிச்சுட்டா?" என்று கேட்டேன்.

"கொசுவை யாருங்க மூஞ்சி பார்த்து ஞாபகம் வெச்சுக்கப் போறாங்க?" என்றார்.

இந்த இடத்தில்தான் ஸ்டெல்லா டீச்சர் வருகிறார். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜுவாலஜி டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாந்தோம் சர்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கொசு சாருக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், பிரசங்கத்துக்கு நடுவில் "அசையாதீங்க" என்று கிசுகிசுத்திருக்கிறார். இவர் சிலையாகிவிட்டார். டீச்சர் இவர் காலரில் உட்கார்ந்திருந்த ஒரு கொசுவைத் தீப்பெட்டியில் பிடித்து மூடிக்கொண்டு, "தாங்க்ஸ்" என்றிருக்கிறார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கொசு சார் ஒரு பூசையையும் தவறவிடவில்லை. பேசவும் இல்லை.

ஸ்டெல்லாவின் அப்பா லூர்து மாஸ்டர், நாற்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே சிலுவை போட்டுக்கொள்வார். "பட்டனை அமுக்கறவனுக்கு என் பொண்ணு இல்ல. கையால வேலை செய்யறவனா வரட்டும்" என்று மூன்று நல்ல வரன்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். புடவைக் கடைக் காலண்டர் அவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. மாஸ்டர் அதைப் பார்த்துப் பார்த்து உருகியிருக்கிறார். "பாரு, பிரஷ் முடி கூட எடுக்கல! கொசு ஒட்டியிருக்கு, அதையும் தட்டிவிடல! இவன் மனுசன்!" வரைந்தவர் நம் சர்ச் பங்கைச் சேர்ந்தவர்தான், கல்யாணம் ஆகாதவர் என்று சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை சொன்னதும் மாஸ்டர் உடனே ஆளனுப்பிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. பொண்ணு பார்க்கப் போகிற இடத்தில் பெண்ணைப் பாடச் சொல்வது வழக்கம். இங்கே மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் உட்கார்ந்து ஒரு படம் வரைய வேண்டும்.

கொசு சார் செய்தியை எங்களிடம் சொன்னபோது அவர் இடது கை விரல்கள் தந்தியடித்தன.

"உண்மையைச் சொல்லிடுங்களேன் சார்" என்றேன்.

"சொன்னா அந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாதுங்க. முப்பத்தாறு வயசாச்சு. என்னை இதுவரைக்கும் ஒரு பொண்ணு கிட்ட வந்து பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் கொசுவைத்தான் பார்த்தாங்க." சொல்லிவிட்டுத் திரையைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு வாரம் பயிற்சி கொடுத்தோம். "ஒரு தென்னை மரம்யா, போதும்! கீழேர்ந்து மேலே ஒரு கோடு, உச்சியில நாலு கீத்து!" என்று நாகு சார் கெஞ்சினார். கொசு சார் வரைந்தது காற்றில் திருப்பிக்கொண்ட குடையாக இருந்தது. நாகு சார் தானே ஒன்று வரைந்து காட்டினார். அதற்குக் குடையே தேவலாம் போல இருந்தது. கடைசியில் நாகு சார் ஒரு யோசனை செய்தார். டிராயிங் பேப்பரில் ஒரு தென்னந்தோப்பைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெளிர்சாம்பலில் பிரிண்டரில் அடித்துக் கையோடு கொண்டுபோவது, அந்தக் கோட்டின் மேலேயே இவர் பிரஷ் ஓட்டிவிடுவது. கொசு சாருக்குச் சொந்தம் என்று தூத்துக்குடியில் ஒரு அண்ணன் மட்டும்தான், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் மாப்பிள்ளை வீட்டார் என்று நாகு சாரும் நானும் சாந்தோமுக்குக் கிளம்பினோம்.

மாஸ்டர் வீட்டில் கேக்கும் முறுக்கும் வைத்தார்கள். "இதுல முட்டை போட்டிருக்கேளோ?" என்று நாகு சார் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, மாஸ்டர் கூடத்தின் நடுவில் ஒரு மேஜையைப் போட்டு, பிரஷ்களும் சாயமும் வைத்து, எங்கள் கையிலிருந்த பேப்பர் சுருளை அன்பாக வாங்கி ஓரமாக வைத்தார்.

"இது எதுக்கு தம்பி? நம்ம வீட்டுப் பேப்பர்லயே வரைங்க. இருபது வருசமா ஒரு நல்ல நாளுக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்."

கட்டியான வெள்ளைப் பேப்பர் ஒன்றை மேஜையில் விரித்தார். அதில் கோடும் இல்லை, தென்னையும் இல்லை. நாகு சார் வாயில் இருந்த முறுக்கைக் கடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறை வாசலில் ஸ்டெல்லா நின்றிருந்தார். கோயில்பிள்ளை ஒரு ஸ்டூலில். எல்லார் கண்ணும் கொசு சார் மேல்.

அவர் பிரஷ்ஷை எடுத்தார். வைத்தார். இடது கை விரல் இரண்டு தடவை காற்றை அழுத்தியது. ஒரு கோடும் போடவில்லையே, எதை அழிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் பதைத்தது. அப்புறம் மாஸ்டரைப் பார்த்தார்.

"ஐயா, நான் முதல்ல தப்பெல்லாம் பண்ணிடறேன்."

"என்ன தம்பி?"

"என் வழக்கம் அதுதாங்க."

மாஸ்டரின் காப்பி டம்ளரைக் கொசு சார் கேட்டு வாங்கி, அடியை நனைத்து, பேப்பரின் வலது மூலையில் வைத்து எடுத்தார். ஓரம் விட்டுப்போன வட்டம், முதல் முயற்சியிலேயே. பிரஷ்ஷிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, மஞ்சளில் தோய்த்து, ஊதி ஒட்டினார். கட்டைவிரலைக் கருப்புச் சாயத்தில் தேய்த்து, தூக்கம் வந்தவன் ஊன்றிய மாதிரி ஒரு ரேகை. சிவப்பை ஒரு சொட்டு விட்டுப் பேப்பரைச் சாய்த்தார், அது வழிந்து, தயங்கி, நின்றது. அவர் கையால் இவ்வளவு நிதானமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

"படம் எப்ப தம்பி வரும்?" என்றார் மாஸ்டர்.

"காயட்டுங்க."

காய்ந்தது. மணி ஐந்தரை ஆனது. மாஸ்டர் வழக்கம்போல ஜன்னலைச் சாத்த எழுந்தார்.

"சாத்தாதீங்க ஐயா, திறந்தே இருக்கட்டும்."

"திறந்திருந்தா கொசு வருமே?"

"அதுக்குத்தாங்க."

மயிலாப்பூர், சாந்தோம் கொசுக்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அழைக்காமலே வீட்டுக்கு வருபவை. அன்றைக்கு அழைத்ததும் வந்துவிட்டன, ஆனால் ஒன்றுகூடப் பேப்பரில் உட்காரவில்லை. எல்லாம் நாகு சார் மேல் உட்கார்ந்தன. "அடிக்காதீங்க சார், பயந்துடும்" என்று கொசு சார் கெஞ்ச, "ஓய், உமக்குக் கல்யாணம், எனக்கு மலேரியாவா?" என்று நாகு சார் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு பொண்ணு பார்க்கும் கூட்டம் முழுக்க, ஆடாமல் அசையாமல், கடிபட்டுக்கொண்டு, ஒரு கொசுவின் சம்மதத்துக்காகக் காத்திருந்தது.

அப்போது ஸ்டெல்லா உள்ளே வந்தார். சுவரில் இருந்த காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினார். புடவைத் தலைப்பில் ஒரு பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் கொசு சாரைப் பார்த்து. "ஜனவரில ஒரு கொசு இருக்கு. பிப்ரவரில ஒண்ணு. டிசம்பர் வரைக்கும் பார்த்துட்டேன். பன்னெண்டும் ஒரே கொசு. வலது பக்கம் கடைசிக் கால் எல்லாத்துலயும் ஒரே மாதிரி மடங்கியிருக்கு. ஒரே கொசு எப்படிங்க பன்னெண்டு படத்துல ஒட்டிக்கிட்டுச் சாகும்?"

உலகத்தில் கொசுவை மூஞ்சி பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஒரே பெண்ணின் வீட்டுக்கு நாங்கள் பொண்ணு பார்க்கப் போயிருந்தோம்! நாகு சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாசலில் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

"சாகலைங்க" என்றார் கொசு சார்.

"என்ன?"

"அது சாகலைங்க. தானா வந்து ஒட்டிக்கிச்சு. நசுங்காம ஸ்கேன் பண்ணிட்டு, ஈர பிரஷ்ஷால ஒவ்வொரு காலா விடுவிச்சேன். அரை மணி நேரம் ஆச்சு. கொஞ்ச தூரம் நடந்துச்சு, அப்புறம் பறந்து போயிடுச்சு. அந்த மடங்கின கால்தான் கடைசியா வந்துச்சு." ஸ்டெல்லா கையிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "மத்தபடி நீங்க சொல்றது சரிதாங்க. எல்லாம் கம்ப்யூட்டர் படம். எனக்குக் கையால ஒரு மாங்காகூட வரையத் தெரியாது."

"சேசு மரி சூசை!" மாஸ்டர் எழுந்துவிட்டார். "அப்ப கைவண்ணம்னு போட்டிருந்ததே?"

"அது நான் போடச் சொன்னது" என்று நாகு சார் கையைத் தூக்கினார். "நான்தான் டைப் அடிச்சேன்" என்று நானும் தூக்கினேன்.

"முக்கால் மணி நேரமா இந்தப் பேப்பர்ல என்ன பண்ணின நீ?"

"தப்புங்க. எனக்கு அது மட்டும்தான் வரும்."

மாஸ்டர் பேப்பரைச் சரக்கென்று எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கிழித்துவிடுவார் என்றே நினைத்தேன். வட்டத்தைப் பார்த்தார். வழிந்து நின்ற சிவப்பைப் பார்த்தார். ரேகையைத் தடவிப் பார்த்தார். ஒரு கொசு அவர் காதோரம் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனது.

"நாப்பது வருசம் பசங்க பண்ணின தப்பைத் திருத்தியிருக்கேன்" என்றார் கடைசியில். "இவ்வளவு சுத்தமா தப்பு பண்ணின ஒருத்தனையும் நான் பார்க்கல. பொய் சொன்னது பொய்தான், சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்க. ஆனா இதை எந்த மெஷினும் பண்ணல. என் கண்ணு முன்னால கையாலதான் பண்ணியிருக்கான்." பிறகு பெண்ணைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

ஸ்டெல்லா டிசம்பர் மாதத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்திருந்தார்.

"ஆண் கொசுப்பா. மீசை அடர்த்தியா இருக்கு பாருங்க."

"அதுக்கு?"

"ஆண் கொசு கடிக்காதுப்பா. பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கோயில்பிள்ளைக்குப் புரியவில்லை. "சரின்னு சொல்றாளா, இல்லைன்னா?" என்று நாகு சார் என் காதைக் கடித்தார். நான் கொசு சாரைப் பார்த்தேன். அவர் இடது கை மேஜை மேல் பேசாமல் கிடந்தது. இரண்டு விரலும் ஆடவில்லை.

மாஸ்டர் அந்தப் பேப்பருக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். படம் எங்கே என்று கேட்பவர்களிடம் "காயுது" என்பாராம்.

கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து நான்தான் அடித்தேன். அப்போதுதான் கொசு சாரின் நிஜப் பெயரே எனக்குத் தெரிந்தது, ஆனால் அது வாயில் நிற்கவேயில்லை. சாந்தோம் கோயிலின் கூர்க்கோபுரத்தை வரைந்திருந்தார். கீழே, கபாலி மெஷினை நிறுத்தக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, முதல் தடவையாக இரண்டு கொசு. ஒன்று நமக்குத் தெரிந்த ஆள், கால் மடங்கியவர். இன்னொன்று பெண். மணப்பெண்ணே பிடித்துக் கொடுத்ததாம். அதையும் ஈர பிரஷ்ஷால் விடுவித்து, இருவருமாக ஜன்னல் வழியாக அனுப்பிவைத்திருக்கிறார்கள். அது மறுநாளே வந்து நாகு சாரைக் கடித்தது என்று நாகு சார் இன்றுவரை சாதிக்கிறார்.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார்கள். அந்தப் பத்திரிகை என் பீரோவில் இருக்கிறது. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். எதிரில் இருந்தபோது சொன்னதில்லை. இன்றைக்கும் சாயங்காலம் கொசுவை அடிக்கக் கையை ஓங்கினால், ஒரு விநாடி நின்று, மீசை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். இருந்தால் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன்.